சாம்பல் புதனும் சாந்துப் பொட்டும்

இந்த வருஷமும் சாம்பல் புதனன்று நான் வேதக் கோயிலுக்குப் போய், வரிசையில் நின்று, நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்தேன். புறப்படும்போதே மருமகள் வாசலில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"மாமி, மெய்யச் சொல்லுங்க. வேதத்துக்கு மாறிட்டீங்களா? மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் பாக்கப் போறீங்க, சாம்பல் புதனுக்கு அங்க போறீங்க. ரெண்டு பக்கமும் எடம் புடிச்சு வெக்கிறீங்களா?"

நான் சிரித்தேனே தவிர பதில் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான். யாராவது ஒன்று கேட்டால் உடனே வாயில் வார்த்தை வராது. அது வந்து சேரும்போது கேட்டவர் எழும்பிப் போயிருப்பார். கையில் பென்சில் இருந்தால் மட்டும் கொஞ்சம் தைரியம் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்துத்தான். இருந்தாலும் அவள் கேட்டதற்குப் பதில் இதில் இருக்கிறது. எழுதி முடித்ததும் அவளிடம்தான் முதலில் கொடுப்பேன்.

நான் பிறந்தது ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். மேலே நாங்கள் குடியிருக்கும் லயங்கள், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றைக் காம்பராக்கள். கீழே பெரிய பாதை. பாதையோரத்தில் வேதக் கோயில். கிறிஸ்தவத்தை நாங்கள் வேதம் என்போம். அந்தக் கோயில்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடமும். ஞாயிற்றுக்கிழமை பூசை நடக்கும் பெஞ்சுகளில்தான் திங்கட்கிழமை உட்கார்ந்து படித்தோம். பீடத்துக்கு முன்னால் ஒரு திரையை இழுத்து விட்டால் அது பள்ளிக்கூடம். திரையை விலக்கினால் கோயில்.

இரண்டு கன்னியாஸ்திரிகள் படிப்பித்தார்கள். ஒருவர் பெரிய சிஸ்டர். நீர்கொழும்புப் பக்கம். தமிழும் சிங்களமும் அவருக்கு ஒரே பாஷை மாதிரித்தான், எதில் தொடங்கி எதில் முடிப்பார் என்று தெரியாது. மற்றவர் சின்ன சிஸ்டர். மன்னார்ப் பக்கம். அவர் பேசுவதைக் கேட்டு முதலில் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். "என்ன பிள்ளையள், என்னத்துக்குச் சிரிக்கிறியள்?" என்பார். அதற்கும் சிரிப்போம்.

படித்தவர்களில் பாதிக்கு மேல் எங்களைப் போல லயத்துப் பிள்ளைகள். எங்களுக்கு மாரியம்மன், முனியாண்டி. காலையில் அம்மா ரப்பர் வெட்டப் போகுமுன் துன்னூறு பூசி, பொட்டு வைத்து அனுப்புவார். ஆனால் பெரிய சிஸ்டருக்கு ஒரு சட்டம் இருந்தது. பள்ளிக்கூடம் கோயிலுக்குள் இருக்கிறபடியால், வெறும் நெற்றியோடுதான் உள்ளே வரவேண்டும். வாசலில் ஒரு பீலியில் மலைத் தண்ணீர் வந்து விழும். அங்கே நின்றுகொண்டு, "எல்லாரும் மூஞ்சி கழுவு. ஹரி, ஹரி, ஓடு" என்று எங்களை ஒவ்வொருவராக உள்ளே விடுவார். ஹரி என்றால் சிங்களத்தில் சரி. கோபமாக ஒன்றும் சொல்ல மாட்டார். செருப்பைக் கழற்றி வைக்கச் சொல்வது போலத்தான் அதையும் சொன்னார். செருப்பு எங்களிடம் இருக்கவில்லை என்பது வேறு.

இதில் பெரிய சிஸ்டருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பெரிய சிஸ்டர் மடத்துக்குப் போய்விடுவார். சின்ன சிஸ்டர் எங்களை வாசலில் நிறுத்தி வைத்து, தன் நீளமான சட்டைப் பைக்குள்ளிருந்து சின்னத் தகர டப்பா ஒன்றை எடுப்பார். உள்ளே கறுப்புச் சாந்து. தீக்குச்சியின் பின்பக்கத்தை அதில் தொட்டு, ஒவ்வொரு பெண்பிள்ளையின் நாடியையும் இடது கையால் பிடித்து உயர்த்தி, நெற்றியில் பொட்டு வைத்து விடுவார். வெறும் நெற்றியோடு வீட்டுக்குப் போனால் தாய்மார் பயப்படுவார்கள், பிறகு பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த டப்பாவைப் பிடிக்கும் வேலை எனக்கு. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைக்கு அவர் கொடுத்த வேலை அது. வெள்ளை உடுப்பும் கழுத்தில் சிலுவையுமாக ருவான்வெல்லைக் கடைக்குள் போய், "சாந்துப் பொட்டு இருக்கோ?" என்று அவர் எப்படிக் கேட்டிருப்பார், கடைக்காரர் எப்படி முழித்திருப்பார் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோதுதான் அந்தச் சாம்பல் புதன் வந்தது.

அன்று காலையிலேயே ஒரு பிள்ளை படியில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டது. சின்ன சிஸ்டர் அதைத் தூக்கிக்கொண்டு கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். டப்பாவும் அவரோடு போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் திரையை விலக்கியிருந்தார்கள். டவுனிலிருந்து சாமியார் வந்திருந்தார். திருநாளுக்கு மட்டும் வருகிற மனிதர், எங்களில் யாரையும் அவருக்குத் தெரியாது. வேதக்காரப் பிள்ளைகளை முன்னால் வரச் சொல்லிவிட்டு, பெரிய சிஸ்டர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆர்மோனியத்தில் உட்கார்ந்தார். நாங்கள் பின் பெஞ்சில் சும்மா இருக்கவேண்டும்.

சாமியார் ஒரு கிண்ணத்துக்குள் கட்டைவிரலை விட்டு, முன்னால் வந்த பிள்ளையின் நெற்றியில் சாம்பல் வைத்தார். பின் பெஞ்சு விழித்துக்கொண்டது.

"ஏய், துன்னூறு குடுக்குறாங்கடி!"

"நமக்கும் குடுப்பாங்களா?"

"ஏன் குடுக்க மாட்டாங்க? காலையில கழுவுனது நம்ம துன்னூறுதானே. திருப்பிக் குடுக்குறாங்க போல."

எங்களுக்கு அது முழுக்க நியாயமாகப் பட்டது. ஒருத்தி எழும்பினாள். மற்றவர்களும் எழும்பினோம். பூசாரி முன்னால் நிற்பது போலவே தலையைக் குனிந்துகொண்டு வரிசையில் போனோம். எங்கள் நெற்றிகளெல்லாம் பெரிய சிஸ்டரின் சட்டப்படி சுத்தமாகக் கழுவியிருந்தன. யார் வேதம், யார் லயம் என்று அந்தச் சாமியார் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது? எல்லோருக்கும் வைத்தார். எனக்கு முன்னால் நின்றவள் மட்டும், நெற்றியில் வாங்கியது போதாதென்று கையையும் நீட்டினாள், வாயில் கொஞ்சம் போட்டுக்கொள்ள. சாமியார் அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அதிலும் ஒரு துளி வைத்தார்.

பாட்டு முடிந்து பெரிய சிஸ்டர் திரும்பியபோது பின் பெஞ்சு முழுக்கச் சாம்பல்.

"அனே தெய்யனே!" என்று கடவுளைக் கூப்பிட்டு நெஞ்சில் கை வைத்தார்.

கழுவச் சொல்லவும் அவரால் முடியவில்லை. சாமியார் கையால் வைத்ததை ஒரு கன்னியாஸ்திரி எப்படிக் கழுவச் சொல்வது? நாங்கள் அந்த நெற்றியோடே மலையேறி வீட்டுக்குப் போனோம். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அம்மா அப்போதுதான் ரப்பர்ப் பால் வாளியை ஸ்டோரில் கொடுத்துவிட்டு வந்து, கையில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். முதலில் அவருக்கு ஒன்றும் படவில்லை. எதிர்க் காம்பராப் பெரியம்மாதான் என் நாடியைத் திருப்பிப் பார்த்தார்.

"அடியே, இங்க வா. இது பட்டையா இல்லயே. குறுக்கால நெடுக்கால இருக்கு. சிலுவைடி இது!"

"சிலுவையா?"

"வேதத்துல சேத்துட்டாங்க புள்ளைய. கேளு அவள."

அம்மா கேட்டார். பெரியம்மா கேட்டார். சத்தம் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். "என்னாடி சொன்னாங்க? என்னா செஞ்சாங்க?" எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நான் பேசாமல் நின்றதையே அவர்கள் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். மற்றக் காம்பராக்களிலும் இதே சத்தம் கேட்டது. பிள்ளைகளை மாற்றிவிட்டு அப்படியே மடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள், பிறகு கண்ணிலேயே காட்டமாட்டார்கள் என்று யாரோ சொன்னார். மாரியம்மன் கோயில் பூசாரியைக் கூட்டி வந்தார்கள். அவர் என் நெற்றியிலிருந்து கொஞ்சம் எடுத்து, விரலில் தேய்த்து, மோந்து பார்த்தார்.

"சாம்பல்தான். ஆனா நம்ம சாணிச் சாம்பல் இல்ல. என்னா சாம்பல்னு எனக்குப் புடிபடல."

அதுவே போதுமாக இருந்தது. எங்கள் லயத்துப் பெண்பிள்ளைகள் யாரும் நாளையிலிருந்து பள்ளிக்கூடம் போகக்கூடாது என்று முடிவாயிற்று. அம்மாவுக்கு அது ஒரு வகையில் வசதியும்தான். தம்பி அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். "நீ வீட்ல இருந்து அவனப் பாத்துக்க. படிச்சது போதும்" என்று சொல்லிவிட்டார்.

மாசி மாதம் ரப்பர் மரங்கள் இலை கொட்டிவிடும். மற்றக் காலத்தில் எங்கள் லயத்திலிருந்து கீழே பச்சையைத் தவிர ஒன்றும் தெரியாது. அந்த நாட்களில் மட்டும் வெறும் கிளைகளுக்கு நடுவே பள்ளிக்கூடத்துத் தகரக் கூரை பளிச்சென்று தெரிந்தது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். வேதக்காரப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் காற்றோடு மேலே வரும். நானும் கூடவே முணுமுணுப்பேன்.

வாய்ப்பாட்டைவிட எனக்கு வேறொரு கவலை இருந்தது. எங்கள் வாசிப்புப் புத்தகத்தில் ஒரு பாடம் பாதியில் நின்றிருந்தது. ஓர் ஆட்டுக்குட்டி பாழுங்கிணற்றில் விழுந்துவிடுகிறது. கூடையைக் கட்டி இறக்குகிறார்கள். குட்டி பயந்து மூலையில் ஒண்டிக்கொள்கிறது, கூடையில் ஏறமாட்டேன் என்கிறது. அந்த இடத்தில் மணி அடித்துவிட்டது. அடுத்த பக்கம் சாம்பல் புதனுக்குப் பிறகுதான். புத்தகங்களெல்லாம் சிஸ்டர் அலுமாரியில். எழுத்துக் கூட்டி வாசிக்க அந்த வருஷம்தான் எனக்கு வரத் தொடங்கியிருந்தது. தம்பி அழும்போதெல்லாம் அந்தக் குட்டிதான் ஞாபகம் வரும். இன்னும் கிணற்றுக்குள்ளேயே இருக்கிறது, நான் போனால்தான் வெளியே வரும் என்பது போல ஓர் எண்ணம்.

சில நாள் கழித்து ஒரு பின்னேரம் சின்ன சிஸ்டர் மலையேறி வந்தார். வெள்ளை உடுப்பின் அடியெல்லாம் சிவப்பு மண். மூச்சு வாங்கியது. லயத்து வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். பூசாரியும் வந்து தூரத்தில் நின்றார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. அவரே கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

"நான் இல்லாத நேரத்தில பிழை நடந்துபோச்சுது. உங்கட பிள்ளையள் வேதத்தில சேரேல்ல. ஒரு பிள்ளைக்கும் ஞானஸ்நானம் குடுக்கேல்ல. அது தவக்காலச் சாம்பல். அவ்வளவுதான்."

"என்னா சாம்பல்ங்க அது?" என்று பூசாரி கேட்டார். அவருக்கு அதுதான் முக்கியமாக இருந்தது.

"போன வருசத்துக் குருத்தோலை. திருநாளுக்குப் பிடிக்கிற ஓலையைக் காயவிட்டு எரிச்சு எடுக்கிறது."

"குருத்தோலையா? தென்னங் குருத்தா?"

"ஓம்."

பூசாரியின் முகம் மாறியது. அவர் மாரியம்மனுக்குத் தோரணம் கட்டுவதும் அதே குருத்தோலையில்தான். பெண்கள் பக்கம் திரும்பி, "அப்ப தோஷமில்ல. கண்ட கண்ட சாம்பல்னு நெனச்சிட்டேன்" என்றார். பெரியம்மாகூடத் தலையாட்டினார்.

ஆனால் அம்மா விடவில்லை. "சாம்பல் சரிங்க சிஸ்டர். எம் புள்ள நெத்தியக் கழுவ வெக்கிறீங்களாமே? இப்பத்தான் மத்தப் புள்ளைக சொல்லுது. இத்தன நாளு பொட்டோடதானே வீட்டுக்கு வந்திச்சு?"

சின்ன சிஸ்டர் பைக்குள் கைவிட்டுத் தகர டப்பாவை எடுத்தார். என்னைக் கூப்பிட்டார். இடுப்பில் தம்பியோடு, வழக்கம் போல நான் ஓடிப்போய் டப்பாவைப் பிடித்தேன். அவர் தீக்குச்சியால் தொட்டு, என் நாடியை உயர்த்தி, எல்லோரும் பார்க்கப் பொட்டு வைத்தார்.

"நான்தான் ஒவ்வொரு நாளும் வைச்சு அனுப்புறனான்" என்றார்.

ஒரு கன்னியாஸ்திரி பொட்டு வைப்பதை லயத்தில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. அம்மா கிட்டே வந்து என் நெற்றியைக் குனிந்து பார்த்தார்.

"அப்ப அந்தக் கோணப் பொட்டு நீங்க வெக்கிறதா? நான் காலையில வட்டமா வெச்சு அனுப்புறேன், சாயந்தரம் பாத்தா ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு நிக்குது. வேர்வையில எறங்கிருச்சுன்னுல்ல நெனச்சேன்!"

லயமே சிரித்தது. சின்ன சிஸ்டருக்கு முகம் சிவந்துபோய், அவரும் சிரித்தார். அம்மா அவர் கையிலிருந்த தீக்குச்சியை வாங்கி, "இப்பிடி வெக்கணும், ஒரே அழுத்தா" என்று என் பொட்டைத் திருத்தினார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குத் தைரியம் வந்திருக்கவேண்டும். எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிட்டேன்.

"சிஸ்டர், அந்த ஆட்டுக்குட்டி கெணத்துலேருந்து ஏறிச்சா?"

சிரிப்பு நின்றது. அம்மா தீக்குச்சியைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். ஆள் கூடிய இடத்தில் நான் வாய் திறந்து அவர் கேட்டதில்லை.

"நான் சொல்லமாட்டன்" என்றார் சின்ன சிஸ்டர். "அது புத்தகத்தில கிடக்கு. வந்து வாசிச்சுப் பார்."

"என்னாங்க ஆட்டுக்குட்டி?" என்று அம்மா கேட்டார்.

"உங்கட மகள் வந்து வாசிச்சா உங்களுக்கும் சொல்லுவா."

அம்மா தீக்குச்சியைச் சிஸ்டரிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு என் இடுப்பிலிருந்த தம்பியை வாங்கிக்கொண்டார். "நாளைக்கி அனுப்புறேன். இவனத் தோட்டத்துப் புள்ளக் காம்பரா ஆயாகிட்ட விடுறேன். ஆனா ஒண்ணு, எம் புள்ள பொட்டோடதான் உள்ள ஒக்காரும்."

"சரி. பெரிய சிஸ்டரோட நான் கதைக்கிறன்."

என்ன கதைத்தாரோ தெரியாது. மறுநாள் பீலியடியில் பெரிய சிஸ்டர் என் நெற்றியை நெடுநேரம் பார்த்தார். "லஸ்ஸனய்" என்றார். அழகாக இருக்கிறதாம். பிறகு, "ஹரி, உள்ள போ" என்று விட்டுவிட்டார். அன்றிலிருந்து யாரும் நெற்றியைக் கழுவவில்லை.

ஆட்டுக்குட்டி ஏறிவிட்டது. தாய் ஆட்டைக் கிணற்றடிக்குக் கொண்டுவந்து கட்டினார்கள். அது மேலே நின்று கத்தவும், குட்டி தானாகவே கூடைக்குள் ஏறிக்கொண்டது. அன்று மாலை அம்மாவுக்கு அதைச் சொன்னேன். "நல்ல வேள, உங்க சிஸ்டர் என்னயப் பள்ளிக்கூட வாசல்ல கட்டிப் போடல" என்றார். அதற்குப் பிறகு பால் வாளியைக் கழுவும்போதெல்லாம், "இன்னைக்கி என்னா கதை?" என்று கேட்பார். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. என் பாடம் முழுவதும் அவருக்கும் பாடம்.

பொட்டு பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிட்டது. எனக்கு அதில் ஒரே ஒரு குறை. பின்னேரம் டப்பா வெளியே வருவது நின்றுபோயிற்று. தேவையில்லையே. நாடியைப் பிடித்து உயர்த்தும் அந்தக் கையும் இல்லாமல் போயிற்று. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

நான்காம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இரண்டு சிஸ்டர்மாரும் ஒரே நாளில் டிரங்குப் பெட்டிகளோடு பஸ் ஏறினார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கோயிலுக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டிடம் கட்டினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். நல்ல மனிதர். முதல் நாளே எங்களை எழுப்பி, "சைவப் பிள்ளையள்தானே நீங்கள்? ஒரு தேவாரம் பாடுங்கோ பாப்பம்" என்றார். நாங்கள் பட்டையாகத் துன்னூறும் பொட்டுமாக எழும்பி நின்று, பழக்க தோஷத்தில் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, "அருள் நிறைந்த மரியே" என்று ஒரே குரலில் தொடங்கினோம். அவர் கையிலிருந்த சோக்கு கீழே விழுந்தது. "இருங்கோ, இருங்கோ" என்றார். பிறகு பொறுமையாகத் தேவாரம் சொல்லித் தந்தார். அதுவும் இன்றுவரை மறக்கவில்லை. ஆனால் லீவுக்கு ஊருக்குப் போனால் நெடுநாள் வரமாட்டார். பிறகு ஒரேயடியாக வரவில்லை. அப்படியும் இப்படியுமாக ஐந்தாம் வகுப்பு முடிந்தது. ஆறாம் வகுப்புக்குத் தமிழில் படிக்கப் பக்கத்தில் இடமில்லை. நான் ரப்பர்க் கத்தியை எடுத்தேன்.

இப்போது அதே பள்ளிக்கூடத்தில் மாடிக் கட்டிடம் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் காலில் சப்பாத்து இருக்கிறது. மழை பெய்தாலும் சத்தம் கேட்காத கூரை. அவரவர் சமயத்துக்கு அவரவர் புத்தகம், தனித்தனிப் பாட நேரம். யாரும் யாருடைய நெற்றியையும் கழுவச் சொல்வதில்லை. நல்லதுதான். கொஞ்சம் வசதியுள்ளவர்கள் வேன் வைத்து டவுன் சிங்களப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். சாம்பல் புதனன்று வேதக்காரப் பிள்ளைகள் மட்டும் வரிசையாகக் கோயிலுக்கு வருகிறார்கள். மற்றப் பிள்ளைகள் மாடி ஜன்னலில் நின்று பார்க்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் இறந்து சில வருஷமாக நான் பொட்டு வைப்பதில்லை. இந்த வருஷம் வரிசையில் என் முறை வந்ததும் சாமியார் கிண்ணத்தில் விரலைத் தொட்டார். இளம் பிள்ளை, என் மகனைவிடச் சின்னவர். நான் குனிந்தே நின்றேன். அவர் இடது கையால் என் நாடியை மெதுவாக உயர்த்திவிட்டு, சாம்பலை வைத்தார். இதற்குத்தான் நான் வருஷா வருஷம் போகிறேன்.

இதுவரை எழுதிய தாள்களை மருமகளிடம் கொடுத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு நின்றபடியே வாசித்தாள். மடித்து என்னிடமே தந்தாள். நேற்று லயத்துப் பீலியடியில் பக்கத்துக் காம்பராக்காரி, "ஒங்க மாமி வேதத்துக்குப் போயிட்டாங்களாமே?" என்று என் காதுபடவே கேட்டாள்.

"வேதமுமில்ல ஒண்ணுமில்ல" என்றாள் மருமகள், குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு. "அது அவங்க படிச்ச பள்ளிக்கூடத்துத் துன்னூறு."